சிவகாசியை உருவாக்கியது வெயில் மட்டுமா?

சிவகாசியைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வேளாண்மைக்கு வழியில்லை. ஆகவே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் அங்கே செழித்தன என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். அதில் உண்மை உண்டு. தீக்குச்சித் தலை காய வேண்டும், வெடிமருந்து காய வேண்டும், அச்சு மை காய வேண்டும். ஆனால் அதே வெயில்தான் விளாத்திகுளத்திலும் கமுதியிலும் முதுகுளத்தூரிலும் அடிக்கிறது. அங்கெல்லாம் நாட்டின் பட்டாசுத் தேவையில் பெரும்பங்கைத் தரும் தொழில் நகரம் எழவில்லை. வானிலை ஒரு தொழிலுக்கு இடம் கொடுக்கும், தொழிலைத் தொடங்கிவைக்காது.

அப்படியானால் சிவகாசியை உருவாக்கியது எது? அந்த ஊரின் வரலாற்றையும் பொருளியலையும் பண்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று விடைகள் தெரிகின்றன. ஒரு சமூகம் தன் ஒவ்வொரு மூட்டைச் சரக்கிலிருந்தும் எடுத்துவைத்துச் சேர்த்த கூட்டு முதல். அரசு வகுத்த வரியும் உரிமமும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த உழைப்பாளரின், குறிப்பாகப் பெண்களின், கைகள். இந்த மூன்றில் முதலாவது பெயரும் செல்வமும் பெற்றது. இரண்டாவது வருவாய் பெற்றது. மூன்றாவதற்குச் சேர வேண்டியது இன்னும் சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொழிலுக்கு முந்தைய நிலம்

வைப்பாற்று வடிநிலத்தின் கரிசல் பரப்பில் மனிதர்கள் மிகப் பழங்காலம் தொட்டே கைத்தொழில் செய்திருக்கிறார்கள். சிவகாசிக்குத் தெற்கே வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள், சுடுமண் பொருள்கள், மணிகள், பொன்னணித் துண்டுகள் கிடைத்தன. அறுத்த நிலையில் கிடைத்த சங்குகள் அங்கே வளையல் செய்யும் தொழில் நடந்ததைக் காட்டுகின்றன. கடலிலிருந்து தொலைவில் இருந்த ஒரு ஊர், வெளியிலிருந்து மூலப்பொருளைக் கொண்டுவந்து, கைத்திறனால் அதன் மதிப்பைக் கூட்டியிருக்கிறது. மரமும் வேதிப்பொருளும் காகிதமும் வெளியிலிருந்து வர, உழைப்பை மட்டும் உள்ளூரில் சேர்க்கும் இன்றைய சிவகாசியின் தொழில்முறையும் அதுவே.

இன்று சிவகாசி மாநகராட்சிக்குள் இருக்கும் திருத்தங்கல் இன்னும் பழைய பெயர். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இந்தத் தங்கால் ஊர் வருகிறது. சேர மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் அந்தணன், வார்த்திகனின் மகனான சிறுவனுக்கு அணிகலன்களைக் கொடுத்துவிட்டுப் போகிறான். வறிய வீட்டில் பொன்னைக் கண்ட அரசு அலுவலர்கள் வார்த்திகனைத் திருடனென்று சிறையிடுகிறார்கள். கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து, தவற்றை உணர்ந்து, அவனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் கொடையாகத் தருகிறான். எளியவனுக்கு இழைத்த தீங்கை அரசு உணர்ந்து ஈடுகட்டிய கதை இந்த மண்ணின் பெயரோடு இலக்கியத்தில் பதிந்திருக்கிறது.

சிவகாசி என்ற பெயருக்கு வழங்கும் ஐதீகம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தென்காசியில் கோயில் எழுப்ப விரும்பிய பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தபோது, அதைச் சுமந்த பசு இவ்விடத்தில் நகர மறுத்ததாம். லிங்கம் இங்கேயே நிறுவப்பட்டதாம். நான்கு நூற்றாண்டுகள் கழித்து அந்தச் சிவன் கோயிலின் வாசலே பெரும் மோதலுக்குக் காரணமானது.

பேட்டையும் மகமையும்

1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து சாலைகள் ஓரளவு பாதுகாப்பானபோது, திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் வடக்கே நகர்ந்தார்கள். கருப்பட்டி, உப்பு, கருவாடு, பிறகு பருத்தியும் புகையிலையும் அவர்களுடைய சரக்குகள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் அவர்கள் குடியமர்ந்தார்கள். பனையேறும் சமூகம் என்று இழிவாக நடத்தப்பட்டவர்கள், பெரும்பான்மை பலம் இல்லாத வட்டாரத்தில் கடை விரித்தார்கள். மாட்டையும் வண்டியையும் சரக்கையும் இரவில் காக்கப் பேட்டை என்னும் மதில் சூழ்ந்த இடங்களைக் கட்டினார்கள்.

பேட்டையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அதற்காக, உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்துவைத்தார்கள். அதுவே மகமை. அதை நிர்வகித்த ஊர் அமைப்பு உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் கூடி முடிவெடுப்பார்கள், வழக்குகளைத் தீர்ப்பார்கள், கோயிலும் கிணறும் சத்திரமும் பள்ளியும் கட்டுவார்கள். அருகிலுள்ள விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியால் வளர்ந்தது. சிவகாசியிலும் உறவின்முறையே பள்ளிகளை நடத்தியது.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக ஆய்வு இந்த அமைப்பை விரிவாக ஆராய்கிறது. பொருளியல் நோக்கில் மகமை சேமிப்புக் கழகமாகவும் காப்பீடாகவும் வேலை செய்தது. வங்கிக் கடனும் அரசு மானியமும் இல்லாத காலத்தில், ஒரு வணிகன் நொடித்தால் தாங்குவதற்கும், ஒருவன் புதுத் தொழில் தொடங்கினால் நம்பிக் கடன் கொடுப்பதற்கும் ஆளிருந்தது. சிவகாசியின் முதல் மூலதனம் இந்த நம்பிக்கைதான்.

1899

செல்வம் சேர்ந்தாலும் மதிப்பு கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயில் நுழைவு உரிமை பெரும் பிணக்காக வளர்ந்தது. கமுதி மீனாட்சி சொக்கநாதர் கோயில் வழக்கு 1897இல் எழுந்து, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. சிவகாசியில் சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையை அவர்கள் கோரினார்கள், மற்றச் சாதியினர் தடுத்தார்கள், கோயில் மூடப்பட்டது. 1899 ஜூன் 6ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஊரைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. சிவகாசிக் கொள்ளை என்று அந்த நிகழ்வை வட்டாரம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. பூமணி 2012இல் வெளியிட்ட ‘அஞ்ஞாடி’ நாவல் கழுகுமலைக் கலவரத்தையும் சிவகாசிக் கலவரத்தையும் பரந்த களத்தில் வைத்து எழுதியது; 2014இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

இந்த நிகழ்வு பிற்காலத் தொழில் வளர்ச்சியை விளக்க உதவுகிறது. எரிந்த ஊர் உறவின்முறையைக் கொண்டே தன்னை மீட்டெடுத்தது. ‘வெளியார் தயவு வேண்டாம், நம்மை நாமே காத்துக்கொள்வோம்’ என்ற உறுதி பெருகியது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. கல்வியிலும் வணிகத்திலும் முதலீடு கூடியது. கோயில் வாசலில் மறுக்கப்பட்ட மதிப்பை அவர்கள் கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் தேடினார்கள். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒரு சமூகத்தை உயர்த்திய உறவின்முறை, அச்சமூகத்துக்கு வெளியே இருந்த உழைப்பாளரைத் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவரவில்லை. இந்த எல்லைக்கோடு பின்னால் வந்த தொழிற்சாலைகளிலும் தொடர்ந்தது.

கல்கத்தாவிலிருந்து வந்த தொழில்

1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். கற்றுத் திரும்பி 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். இயந்திரத்தில் தொடங்கிய முயற்சி விரைவில் கைத்தொழிலாக மாறியது. இயந்திரம் விலை மிகுந்தது. கரிசல் காட்டில் பஞ்சத்தால் வேலை தேடி நின்ற கைகளோ மிகுதி. தீக்குச்சி செய்யும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, பெட்டி ஒட்டுவதை வீடுகளுக்கே அனுப்ப முடிந்தது. 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை வந்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலிருந்து மென்மரம் வரவும் பெட்டிகள் நாடெங்கும் போகவும் வழி திறந்தது.

இந்தத் தொழிலின் நுட்பம் எளியது, ஆனால் கவனம் கேட்பது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்த மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது, மெழுகில் தோய்ப்பது, மருந்தில் முக்குவது, காயவைப்பது, பெட்டியில் அடைப்பது என்று ஒவ்வொன்றும் தனி வேலை. தொழிற்சாலை என்ற சொல்லை ஊரில் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வேலைக்குப் போவது ‘ஆபீசுக்குப் போவது’.

வண்ண மத்தாப்புத் தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு ஓரடி தூரம்தான். இரண்டாம் உலகப் போர் வெளிநாட்டுப் பட்டாசு இறக்குமதியை நிறுத்தியது. 1940இல் புதிய வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்றே பட்டாசு செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. அந்த ஆண்டுகளில் உரிமம் பெற்று எழுந்த சிவகாசி நிறுவனங்களின் அணில், சேவல், மயில் முத்திரைகள் இந்தியச் சிறுவர்களின் தீபாவளியோடு கலந்துவிட்டன.

வரி வளர்த்த தொழில்

வெயில் விளக்கம் மறைத்துவிடும் ஒரு காரணம் வரி. சிவகாசி தீப்பெட்டியின் எதிரி, ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் 1923இல் இந்தியாவுக்கு வந்த விம்கோ. இயந்திரத்தில் மலைபோல் பெட்டிகளைக் குவிக்கும் நிறுவனத்தோடு கைத்தொழில் எப்படிப் போட்டியிட்டது? 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. நாளடைவில் இயந்திர உற்பத்திக்கு ஒரு விகிதம், கைத்தொழில் சிற்றலகுகளுக்குக் குறைந்த விகிதம் என்று அரசு பிரித்தது. வேலைவாய்ப்பைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் அந்த நிழலில் தழைத்தன.

அதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. சிறிதாக இருந்தால் வரி குறைவு என்றால், பெரிதாக வளர்ந்தவரும் தொழிலை உறவினர் பெயர்களில் சிறு துண்டுகளாகப் பிரித்துவைப்பார். இயந்திரம் வைத்தால் வரி கூடுமென்றால் கையையே நம்புவார். அந்தக் கை மலிவாக இருக்க வேண்டும் என்பதும் கணக்கில் சேரும். சலுகை தொழிலையும் காத்தது, குறைந்த கூலியையும் காத்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 விழுக்காடு என்ற வேறுபாடு நீடித்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்றானது. 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இடையிலிருந்த 14 ஆண்டுகளில் மரமும் மெழுகும் பாஸ்பரசும் விலை ஏறிக்கொண்டே போக, விலை ஏறாத பெட்டியின் சுமை கூலியில்தான் இறங்கியது.

பட்டாசில் வரியின் இடத்தை உரிமம் பிடித்தது. கையாளும் மருந்தின் அளவைப் பொறுத்து மாவட்ட வருவாய் அலுவலரோ, மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகமோ, நாக்பூர்த் தலைமையகமோ உரிமம் தரும். ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ்’ என்று தொழிலில் உள்ளவர்கள் ஆலைகளைத் தரம் பிரிப்பார்கள். எந்த அறையில் என்ன வேலை, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் தாளில் இருக்கிறது.

சீட்டிலிருந்து நாட்காட்டி வரை

தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். படிக்கத் தெரியாதவரும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கும்படி அந்தச் சீட்டில் மயில், புலி, தாமரை, தெய்வம் என்று அடையாளம் வேண்டும். அதை வெளியூரில் அச்சிட்டு வரவழைப்பது செலவு. எனவே கல்லச்சு இயந்திரங்கள் சிவகாசிக்கே வந்தன. பின்னர் ஆப்செட் வந்தது. தீப்பெட்டிக்குத் துணையாக வந்த அச்சு, ஒரு தலைமுறைக்குள் தனித் தொழிலாக நிமிர்ந்தது. வண்ணமும் நேர்த்தியும் குறைந்த விலையும் ஒருங்கே கிடைத்ததால் வட இந்திய வணிகரும் தங்கள் நாட்காட்டியைச் சிவகாசியில் அச்சிடத் தொடங்கினார்கள்.

அந்த நாட்காட்டிகளில் நின்ற தெய்வங்கள் பல கோவில்பட்டியில் பிறந்தன. ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் தங்கி, மாணவர்களை உருவாக்கியவர். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக இலட்சக்கணக்கான வீடுகளின் பூசையறைக்குப் போயின. கோயிலுக்குள் நுழையப் போராட வேண்டியிருந்த ஊர், அரை நூற்றாண்டில் தெய்வத்தின் திருமுகத்தை அச்சிட்டு எல்லாச் சாதியினர் வீட்டுச் சுவருக்கும் அனுப்பியது. நவீனத் தமிழகத்தின் பண்பாட்டு வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட நாட்காட்டி ஓவிய ஆய்வு, சிவகாசியின் அச்சுப் பொருளாதாரத்தை விரிவாக ஆராய்ந்த நூல்களில் முதன்மையானது.

இன்றும் அடுத்த ஆண்டு நாட்காட்டியின் மாதிரித் தொகுப்பு ஆடிப்பெருக்கன்று பூசையோடு வெளியாகிறது. முகவர்கள் அதன் பிறகே ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புகிறார்கள். நாட்குறிப்பு, குறிப்பேடு, திருமண அழைப்பிதழ், பாடநூல் எனப் பட்டியல் நீளும். தமிழ்ச் சிறுவர்களின் வாசிப்பிலும் சிவகாசிக்குப் பங்குண்டு. முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு இங்கிருந்துதான் வெளிவந்தது, 1984இல் லயன் காமிக்ஸ் பின்தொடர்ந்தது. ஐரோப்பியச் சித்திரக் கதைகளை ஒரு கரிசல் நகரம் தமிழில் தொடர்ந்து தந்துவருவது, அச்சும் ஆர்வமும் ஒரே ஊரில் அமைந்ததன் பயன்.

மகமைப் பழக்கம் கல்லூரிகளாகவும் வளர்ந்தது. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் பெண்களுக்கான ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி, 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் ஊரே கூடும் திருவிழாக்கள். அந்நாள்களில் ஆபீசுகள் அடைபட்டுத் தெருக்கள் நிறையும். தீபாவளி மற்ற ஊர்களுக்குப் பண்டிகை என்றால் சிவகாசிக்கு அது கணக்காண்டின் முடிவு. போனசு பட்டுவாடா, அடுத்த பருவத்துக்கான முன்பணம், சில வார ஓய்வு, பிறகு மீண்டும் வேலை.

கைகள்

நேரு சூட்டியதாக வழங்கும் ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டத்தைச் சிவகாசி பெருமையோடு சுமக்கிறது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படம் அதே பட்டத்தை எடுத்துக்கொண்டு ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று பெயர் வைத்தது. விடிவதற்கு முன் கிராமங்களிலிருந்து வண்டிகளில் ஏற்றிவரப்பட்ட சிறுவர் சிறுமியர் குச்சி அடுக்கிக்கொண்டிருந்ததை நாடு அப்போது பார்த்தது. அதற்கு முன்பே, 1983இல், சுமிது கோத்தாரி ஆங்கில வார இதழொன்றில் எழுதிய கட்டுரை இந்த உண்மையை வெளிப்படுத்தியிருந்தது. தீப்பெட்டித் தொழிலின் குழந்தை உழைப்பைப் பற்றிப் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்ற திரைப்படத்தை இயக்கினார். மேலாண்மறைநாட்டில் பிறந்த மேலாண்மை பொன்னுச்சாமி இந்த வட்டாரத்து உழைப்பாளரை வாழ்நாள் முழுதும் கதைகளில் எழுதினார். 2007இல் ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. சட்டம், சத்துணவு, பள்ளிகளின் பெருக்கம், சிறு குடும்பம், குச்சி அடுக்கும் வேலையில் நுழைந்த இயந்திரம் ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த நிலையை மாற்றின. பழைய அளவில் குழந்தை உழைப்பு இன்று இல்லை. இது தமிழகம் பெருமைப்படத் தக்க மாற்றம். அரசும் மக்களும் முதலாளிகளும் முனைந்தால் சிவகாசியில் எதையும் மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சான்று.

குழந்தைகள் விலகிய இடத்தில் அவர்களுடைய தாய்மார்கள் இருக்கிறார்கள். பட்டாசு ஆலைகளில் பெரும்பகுதி வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். சரவெடி பின்னுவது, திரி வைப்பது, குழாய் உருட்டுவது, தாள் ஒட்டுவது, பெட்டி போடுவது எல்லாம் அவர்கள் கையில். பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது இந்தக் கூலிதான் என்பதை மறுக்கக் கூடாது. பெண்கள் கையில் வாரக்கூலி வந்தது. அவர்களுடைய பிள்ளைகள் கல்லூரி வரை போனார்கள். ஆனால் தீபாவளி முடிந்து வாங்கும் முன்பணம் அந்தக் குடும்பத்தை அடுத்த பருவத்துக்கு அதே ஆலையில் கட்டிப்போடுகிறது. பேரம் பேசும் வலிமை அங்கேயே குறைந்துவிடுகிறது.

விபத்து தற்செயல் அல்ல

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். முதல் வெடிப்புக்குப் பின் உதவவும் பார்க்கவும் ஓடிவந்த ஊர்மக்கள் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2016 அக்டோபரில் ஊருக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கு தீப்பற்றியபோது பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறி மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். ஆண்டுதோறும் இப்பட்டியலில் புதிய ஊர்ப்பெயர் சேர்கிறது.

ஒவ்வொரு முறையும் ‘உராய்வினால் வெடித்தது’ என்ற ஒரு வரி செய்தியில் வருகிறது. உராய்வு தீப்பொறியைத் தரும். இத்தனை உயிர்களைப் பறிப்பது விதிமீறல். வெடிமருந்து அறைக்கு நான்கு பேர் என்பது போன்ற வரம்புகள் எதற்கு இருக்கின்றன? ஒரு அறை போனாலும் மற்ற அறைகள் பிழைக்க வேண்டும் என்பதற்குத்தான். அறையில் ஆட்கள் கூடினால், மருந்து கூடினால், மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் வேலை நடந்தால் அந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போகிறது.

வேதியியலும் எச்சரிக்கிறது. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அன்றன்று கலந்ததை அன்றன்றே முடிக்க வேண்டும். மீந்ததை முறைப்படி அழிக்க வேண்டும். மீந்த மருந்தை மூடிவைத்து மறுநாள் காலையில் எடுக்கும்போது நேரும் வெடிப்புகள் இதனால்தான். எண்ணிக்கைக் கூலிக்காக விரைந்து மருந்து செலுத்தும்போது கை தவறுவதும் இதைப் போன்றதே. ஆபத்தை அதிகம் செய்தால் கூலி அதிகம் என்று அமைந்த ஏற்பாட்டில், கவனமின்மைக்குத் தொழிலாளியைக் குறை சொல்வது அறமாகாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உள்குத்தகை. உரிமம் பெற்றவர் அறைகளைப் பலருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். ஓர் அறை எடுத்தவர் குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார். ஒரே வளாகத்தில் பல குத்தகைதாரர். யார் எவ்வளவு மருந்து கலக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. விபத்து நடந்தால் உரிமதாரர் ஒருபக்கம், குத்தகைதாரர் ஒருபக்கம், நடுவில் பொறுப்பு காணாமல் போகிறது. ஒழுங்காகத் தொழில் செய்யும் ஆலைகள் சிவகாசியில் பல உண்டு. உள்குத்தகையின் மலிவு விலையோடு போட்டியிட வேண்டியிருப்பதால் அவையும் நசுங்குகின்றன.

காற்றும் நீதிமன்றமும்

கடந்த பத்தாண்டுகளில் சிவகாசியின் தலைவிதி தில்லியின் காற்றோடு பிணைந்துவிட்டது. 2015இல் குழந்தைகள் சிலர் பெயரால் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2018 அக்டோபர் 23இல் ஒரு தீர்ப்பாக வந்தது. முழுத் தடை இல்லை, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளியன்று இரண்டு மணி நேரம், இணைய விற்பனை கூடாது, சரவெடி கூடாது, பேரியம் உப்புகள் கூடாது. பேரியம் நைட்ரேட்டு பச்சை நிறத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் ஆகியவற்றின் அடிப்படைக் கலவையிலும் இருந்தது. சரவெடி பின்னுவது ஆயிரக்கணக்கான பெண்களின் வேலை. தீர்ப்பைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலி இல்லாத அந்த மாதங்களின் சுமையை முன்பணம் வாங்கிய குடும்பங்களே சுமந்தன.

நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைக் கலவைகள் நுண்துகளை 30 விழுக்காடு அளவுக்குக் குறைப்பவை. அது முன்னேற்றம், முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. நகரவாசியின் நுரையீரலுக்கான உரிமையும் சிவகாசித் தொழிலாளியின் பிழைப்புக்கான உரிமையும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை. ஆனால் நம் பொதுவிவாதம் இதை எப்போதும் தில்லியின் புகையாக மட்டுமே பார்க்கிறது. அலுமினியப் பொடியையும் கந்தகத்தையும் ஆண்டெல்லாம் மூச்சில் வாங்கும் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி எந்தத் தீபாவளி விவாதத்திலும் பேச்சு எழுவதில்லை.

முடிவாக

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் சுமார் 71,000 பேர், சுற்றியுள்ள நகரப் பகுதிகளையும் சேர்த்து 2.3 லட்சம் பேர் என்றிருந்த சிவகாசி, 1920இல் நகராட்சியாகி 2021இல் திருத்தங்கலோடு மாநகராட்சியானது. நூறாண்டில் ஓர் ஊர் இவ்வளவு எழுந்ததற்கு அதன் மக்களின் கட்டுப்பாடும் துணிவும் காரணம். வெயில் உதவியது, அவ்வளவுதான். கூட்டு முதல் வழி திறந்தது, வரியும் உரிமமும் வடிவம் கொடுத்தன, கைகள் உருவாக்கின.

ஆகவே அடுத்த நூறாண்டுக்கான சீர்திருத்தமும் இந்த மூன்றிடமிருந்தே வர வேண்டும். அரசு உள்குத்தகையைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதி உரிமத்தை நிரந்தரமாக நீக்க வேண்டும். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்துக்கு முழுப் பொறுப்பு என்று ஆக்க வேண்டும். மருந்து கலக்கும், செலுத்தும் வேலைகளில் எண்ணிக்கைக் கூலியை நீக்கி நாட்கூலியைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த இரண்டு வேலைகளையும் மனிதக் கை படாமல் செய்யும் இயந்திரங்களுக்கு வரிச்சலுகை தர வேண்டும். முன்பு கையுழைப்புக்குத் தந்த சலுகையை இன்று கையைக் காப்பதற்குத் தரலாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பதிவும் காப்பீடும் இருக்க வேண்டும். இறந்தவரின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படியேறக் கூடாது.

தொழில் முதலாளிகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. மூட்டைக்கு ஒரு காசு எடுத்துவைத்து ஒரு சமூகத்தையே உயர்த்திய மரபு உங்களுடையது. அந்த மகமை இப்போது உங்கள் ஆலையில் வேலை செய்யும் எல்லாச் சாதிப் பெண்களுக்கும் ஆகட்டும். பெட்டிக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் தீக்காயச் சிகிச்சையும் ஓய்வூதியமும் பிள்ளைகளின் படிப்பும் நிறைவேறும். அதைச் செய்யும் அமைப்பும் அனுபவமும் சிவகாசியிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டாசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வாங்கினால் உரிமம் பெற்ற ஆலையின் பெயரும் பசுமைக் குறியீடும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் பெட்டியின் விலைக் குறைவு, பெரும்பாலும் ஏதோ ஒரு நெரிசலான அறையில் ஒரு பெண்ணின் பாதுகாப்பிலிருந்து கழிக்கப்பட்டது.